சிவப்புத் துணியில் வாசித்த செய்தி

"அவர் செத்துட்டாருன்னு நீ வாயால சொல்லல. ஒத்துக்கறேன். ஆனா உடுத்திக்கிட்டுல்ல வந்து உட்காந்த?"

"உட்காரச் சொன்னது யாரு பாஸ்? தோளுக்கு மேலதான் தெரியும், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு?"

"அந்தச் சிவப்பு தோளுக்கு மேலதானம்மா இருந்துச்சு."

மேசைமேல் தொலைபேசி அடித்தது. டோங்கோர் அதை எடுக்காமல், கடிக்க வரும் நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் செய்தி ஆசிரியர். எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் அஃப்ராகோமா, ஏழு மணிச் செய்தி வாசிப்பவள். அவள் வாசித்து முடித்ததும் திரையில் வந்து நாளை மழை உண்டா இல்லையா என்று சொல்லும் யாவ், நான்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை என்பதால் வந்திருந்தேன். எங்கள் ஊர் அசுபென்சோவில் அன்று யாராலும் வீட்டில் இருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் பக்கம் சனிக்கிழமை என்றால் சாவுச் சடங்குகளின் நாள். அஃப்ராகோமாவும் தன் பழைய ஆசிரியர் ஒருவரின் சடங்குக்காகப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். திரும்பும் வழியில் மழை, பாலத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. நிலையத்துக்குள் அவள் ஓடிவந்தபோது செய்திக்கான இசை தொடங்க இருந்தது. உடை மாற்றும் அறை பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த பெண்மணியும் வேறொரு சாவுச் சடங்கில் இருந்தாள். அவள் உடுத்தியிருந்தது சாவுக்கு உரிய நிறங்கள்: கறுப்பு மேல்சட்டை, அதன்மேல் தோளைச் சுற்றிய அடர்சிவப்புத் துணி. அதைக் கழற்றினால் மழையில் நனைந்து ஒட்டிக்கிடந்த சட்டை தெரியும். துணியோடு உட்காருவதே மேல் என்றார் டோங்கோர். சாவுத் துணியோடு யாரும் திரையில் தோன்றக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டச் சொன்னவரும் அவர்தான்.

முதல் செய்தி அரண்மனையிலிருந்து வந்தது. மறுநாள் எங்கள் அரசர் நானாவின் முன்னிலையில் நடக்கவிருந்த முன்னோர் நாள் சபை தள்ளிவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. நானா முதல் மழைக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அஃப்ராகோமா அந்த வரியைத் தொடங்கினாள். எழுத்து ஓடும் திரை நின்றுபோனது. அவள் கையிலிருந்த தாளைப் பார்க்கத் தலைகுனிந்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து, இடத்தைக் கண்டுபிடித்து, தலையை நிமிர்த்தி, மிச்சத்தை வாசித்தாள்.

வீட்டில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் உடுத்திய ஒரு பெண். நானாவின் பெயரைச் சொன்னதும் தலைகுனிந்தாள். பேச்சு வரவில்லை. பிறகு மெல்ல நிமிர்ந்தாள். இதற்குமேல் ஒரு ஊருக்கு என்ன வேண்டும்?

எங்கள் பக்கம் நானாக்கள் சாவதில்லை. சாவது அவர்களுக்குக் கீழே இருக்கும் எங்களைப்போன்றவர்கள். நானாவுக்கு என்ன ஆனாலும், அரண்மனை தன் வாயால் சொல்கிற நாள்வரை அவர் இருக்கிறார். அவருக்குச் சமையல் நடக்கும். அவருடைய பெரிய குடையை வெயிலில் வைத்து எடுப்பார்கள். அந்த நாள் வர வாரங்களும் ஆகலாம், மழைக்காலம் ஒன்று முழுசாகவும் போகலாம். அதற்குள் முந்திக்கொண்டு சொன்னவன் ஆட்டையும் ஸ்னாப்ஸ் சாராயப் புட்டிகளையும் தூக்கிக்கொண்டு அரண்மனை வாசலில் நிற்க வேண்டும். அதோடு அவன் பேரும் போய்விடும். அதனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அன்று முதல்முறையாக யாரோ சொல்லிவிட்டார்கள், அதுவும் வாயைத் திறக்காமல்.

ஞாயிறு விடிவதற்குள் ஊர் மாறியிருந்தது. திருமணம் நடந்துகொண்டிருந்த கூடத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைச் சத்தமில்லாமல் ஆடச் சொன்னார்களாம். சந்தையில் துணிக்கடைக்காரிகள் ஞாயிறென்றும் பாராமல் கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார்கள். ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டால், காற்றோட்டத்துக்கு என்றார்கள். என் வீட்டுக்கார அம்மாள் என் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாவ், நாளைக்கு வெயில் அடிக்குமா? சிவப்புத் துணி ஒண்ணு பெட்டியிலேயே கெடக்கு. காயப் போடலாமான்னு பாத்தேன்" என்றாள். மழைதான் என்றேன். அவள் பெருமூச்சு விட்டாள். எந்த மழையைப் பற்றி நான் சொன்னேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நானும்தான். நானா இருக்கிறாரா?

அஃப்ராகோமாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்பியதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அவள் அம்மா வழியில் அரண்மனைக் குடும்பத்தோடு ஏதோ ஒரு நூல் ஓடுகிறது. மெல்லிய நூல். சாவு, பெயர்சூட்டு என்று கூப்பிட்டால் போய்ப் பின்வரிசையில் உட்காரும் உறவு. ஆனால் தொலைக்காட்சியில் வரும் பெண் என்றால் ஊருக்கு எல்லா நூலும் கயிறாகத் தெரியும்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது யாவ்," என்றாள் என்னிடம். நிலையத்துக்கு வெளியே நின்று கென்கே என்கிற புளித்த மக்காச்சோள உருண்டையும் பொரித்த மீனும் தின்றுகொண்டிருந்தோம். மிளகாய் அரைத்து விற்பவள் எங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாக மிளகாய் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "உனக்காவது தெரியுமா?"

தெரியாது என்றேன். மிளகாய்க்காரி ஏமாற்றத்தோடு போனாள்.

அஃப்ராகோமா தெரியாது என்று சொன்னால் தெரியாது. அவளை அறிந்தவர்கள் அதை நம்புவார்கள். பள்ளியில் படிக்கும்போதே அவள் அறிவிப்பு வாசித்தவள். அவள் ஊரில் கோகோ எடைபோடும் கொட்டகைக்கு மேலே கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். காணாமற்போன ஆடு, தடுப்பூசி, தண்ணீர் வராத தெரு, சாவு, எல்லாவற்றையும் விடிகாலையில் அவள்தான் ஊருக்குச் சொல்வாள். ஒருநாள் ஒருவன் ஓடிவந்து தன் சித்தப்பா இறந்துவிட்டார் என்றான். வாசித்தாள். மதியம் சித்தப்பா கோழிக் கூண்டோடு லாரியிலிருந்து இறங்கினார். தன் வீட்டில் பெண்கள் அழுவதைப் பார்த்து, யார் போனது என்று கேட்டு, அவரும் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாராம். அதற்குப் பிறகு எதைக் கொண்டுவந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, யார் சொன்னது? நிலையத்தில் நாங்கள் அவளைப் பின்னால் அப்படித்தான் கூப்பிடுவோம். யார்சொன்னது வந்துட்டா, தாளை ஒழுங்கா வை.

அந்தக் கேள்வியோடு அவள் பண்பலை வானொலிக்குப் போனாள், பிறகு எங்களிடம் வந்தாள். முகம் ரொம்ப இறுக்கம் என்று சொல்லி டோங்கோர் அவளைப் பல வருடங்கள் விடிகாலை நிகழ்ச்சியில் தக்காளி விலையும் சேனைக்கிழங்கு விலையும் வாசிக்க வைத்தார். அவள் அந்த விலைகளையும் சந்தைக்குத் தொலைபேசியில் பேசி, கேட்டுக்கொண்டுதான் வாசிப்பாள். ஏழு மணிக்கு வாசித்துக்கொண்டிருந்தவர் தலைநகருக்குப் போய்விட, இந்த மழைக்காலத்தில்தான் அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. முதல் நாள் அவள் அதில் உட்காருவதற்கு முன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்ததை நான் கண்டேன். வாங்கப்போகிற மாட்டைப் பார்ப்பதுபோல.

இப்போது அந்த நாற்காலிதான் போகப்போகிறது. டோங்கோர் கடைசியில் எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பு தலைநகரிலிருந்து நிலைய உரிமையாளர் பேசியது. நீளமாகப் பேசுகிறவர் அல்ல அவர். அரண்மனை மனம் குளிர்ந்தால் அஃப்ராகோமா உட்காரலாம். குளிராவிட்டால் லாம்ப்டி உட்காருவான், அவள் தக்காளிக்குக்கூடத் திரும்ப வேண்டாம். லாம்ப்டி எங்கள் நிலையத்தின் இன்னொரு வாசிப்பாளன், நல்ல குரல்காரன். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அழகாக வாசிப்பான். அன்று மாலையே அவன் புதுக் கழுத்துப்பட்டையோடு வந்து, தற்செயலாக என்பதுபோல, அந்த நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கள் காலை அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். மதியத்துக்குமேல் வரச் சொன்னார்கள். தனியாகப் போகக் கூடாது. நானாவின் முன்னால் யாரும் நேராகப் பேசுவதில்லை. அவருக்காகப் பேசச் சொல்லாளர் இருப்பதுபோல, போகிறவர்களுக்கும் ஒரு வாய் வேண்டும். டோங்கோர் தனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றார், அதுவும் மிகத் தெளிவான குரலில். அஃப்ராகோமா என்னைப் பார்த்தாள்.

"நீ வா. மழை வரும்னு சொல்லி வராம போனாலும் அடி வாங்காம தப்பிக்கற வாய் உன்னோடது."

எதை உடுத்திக்கொண்டு போவது என்பதில் ஒரு மணி நேரம் போனது. கறுப்பு உடுத்தினால், ஆமாம் என்று சொன்னதாகும். வெள்ளை உடுத்தினால் சந்தோஷப்படுகிறாள் என்பார்கள். பூப்போட்ட துணி போட்டால் ஒன்றும் நடக்காததுபோல நடிக்கிறாள் என்பார்கள். ஒரு நிறத்தையும் நம்ப முடியவில்லை. கடைசியில் நிலையத்தின் பெயர் பொறித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அது யாருக்கும் எந்தக் காலத்திலும் எதையும் சொன்னதில்லை. கைப்பையில் அன்றைய ஏழு மணிச் செய்தித் தாள்களை மடித்து வைத்துக்கொண்டாள். லாம்ப்டி வாசிக்கப்போகிறானே என்றேன். யார் வாசிப்பார்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே என்றாள்.

அரண்மனை முற்றத்தில் பெரியவர்கள் இரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நானாவின் நாற்காலி. அதில் யாரும் இல்லை. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துக் குனிந்து வணங்கினோம். நான் குனிந்தபடியே கண்ணை மேயவிட்டேன். பெரியவர்கள் துணியில் சிவப்பு இருக்கிறதா? இல்லை. யாராவது தலையை மழித்திருக்கிறார்களா? ஒருவர் தலை வழுவழுவென்று இருந்தது. ஆனால் அவருக்கு எப்போதுமே அப்படித்தான். பின்கட்டிலிருந்து உரல் இடிக்கும் சத்தம் வந்தது. சற்று நேரத்தில் ஒரு பெண் மூடிய தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். இஞ்சியும் ஆட்டுக்கறியும் போட்ட ரசத்தின் மணம் எங்களைத் தாண்டிப் போனது. அஃப்ராகோமாவும் அதைப் பார்த்தாள். அவள் புருவம் மட்டும் கேட்டது. நான் உதட்டைப் பிதுக்கினேன். தட்டு எப்படியும் உள்ளே போகும். காலியாகத் திரும்புமா என்பதுதான் கேள்வி. அது திரும்பி வருவதைப் பார்க்க நாங்கள் அங்கே இருக்க விடமாட்டார்கள்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பொன்தகடு பொதிந்த கோலோடு சொல்லாளர் அஜேமான் எழுந்தார். "இங்க எல்லாம் குளிர்ச்சிதான். நடந்து வந்தது நீங்க. என்ன விஷயம்னு சொல்லுங்க."

கூப்பிட்டது அவர்கள். ஆனாலும் அப்படித்தான் கேட்பார்கள். நாங்கள் கெட்டது எதுவும் கொண்டுவரவில்லை, கூப்பிட்டீர்கள், வந்தோம் என்று சொல்லி ஸ்னாப்ஸ் புட்டிகளை முன்னால் நகர்த்தினேன். புட்டிகள் உள்ளே போயின. பிறகுதான் விசாரணை தொடங்கியது.

அப்படி ஒரு விசாரணையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குற்றம் என்ன என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. வழுக்கைத் தலைப் பெரியவர் தொடங்கினார். இந்தப் பெண் திரையில் சாவுத் துணியோடு வந்தாள் என்றார். ஆமாம், தன் ஆசிரியரின் சடங்கிலிருந்து வந்தாள் என்றேன். அவர் சடங்கு உண்மைதானா என்று இன்னொருவர் கேட்க, மூன்றாமவர் தானும் அங்கே போயிருந்ததாகவும் கறி நன்றாக இருந்ததாகவும் சொன்னார். அப்படியென்றால் ஊர் ஏன் வேறு விதமாக நினைத்தது என்று வழுக்கைப் பெரியவர் குரலை உயர்த்தினார்.

"ஊர் என்ன நினைச்சுது பெரியவரே?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அதிலிருந்து வரவேண்டிய சொல் வந்தால் அடுத்த ஆடு அவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். வாயை மூடிக்கொண்டு, துணியைத் தோள்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. சாவைச் சொன்னாள் என்று தண்டித்தால் சாவு இருக்கிறது என்றாகும். பொய்யைச் சொன்னாள் என்று தண்டித்தால் நானா வெளியே வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். இரண்டும் அவர்களால் முடியாது. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் அஜேமான் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பேசினார். அரண்மனை யாரையும் தண்டிக்க விரும்பவில்லை. ஊர் கலங்கியிருக்கிறது. கலக்கியவளே தெளிய வைக்கட்டும். இன்று ஏழு மணிக்கு, நானா நலமாக இருக்கிறார் என்று அவள் வாசிக்கட்டும். அதோடு எல்லாம் முடிந்துபோகும்.

பெரியவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் நல்ல முடிவாகத்தான் பட்டது. ஒரு வரி. வாசித்துவிட்டால் நாற்காலி அவளுடையது. நான் திரும்பிப் பார்த்தேன். அஃப்ராகோமா என் காதருகே குனிந்து சொன்னாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். பெரியவர்கள் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் நான் வாயைத் திறந்தேன்.

"தாராளமா வாசிக்கிறேன்னு சொல்றா. யார் சொன்னதா வாசிக்கட்டும்னு கேக்கறா."

அரண்மனை சொன்னதாக, என்றார் அஜேமான்.

அரண்மனையில் யார் என்று கேட்கிறாள் என்றேன். அவர் பெயரையே சொல்லலாமா?

அஜேமான் தன் கோலின் உச்சியைப் பார்த்தார். எங்கள் பக்கம் சொல்லாளர் எதைச் சொன்னாலும் அது நானாவின் பேச்சு. கூட்டலாம், அழகாக்கலாம், பழமொழி சேர்க்கலாம். நானா சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக் கூடாது. கோலைக் கையில் வாங்கும் நாளில் அதற்குத்தான் சத்தியம் செய்கிறார்கள். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் உற்றுக் கேட்டேன். நானா உயிரோடு படுத்திருந்தால், உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டுவந்து சொல்லிவிடலாமே. ஆனால் பேச முடியாத நோயாளியாக இருந்தாலும் இதே மௌனம்தான் வந்திருக்கும். அந்த மௌனத்துக்குள்ளும் ஒன்றும் தெரியவில்லை.

கிழவியைக் கேட்டுவருகிறோம் என்று சொல்லி அவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். எந்த வழக்கிலும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கிழவி என்று யாரும் கிடையாது. சுவருக்குப் பின்னால் நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டு திரும்புவார்கள். ஆனால் அன்று அவர்கள் திரும்பியபோது, ராணித்தாய் கூப்பிடுகிறார் என்றார்கள். நானும் வாசற்படிவரை வரலாம்.

ராணித்தாய் என்பது பதவி, நானா என்பது அவருக்கும் உண்டான மரியாதைப் பெயர்; நானா செர்வா கிழவி அல்ல. அரசரின் அக்கா மகள். அரண்மனைக்கு வருவதற்குமுன் குமாசி நகரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். உள்முற்றத்தில் வேறு யாரும் இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு கதவு பாதி திறந்திருந்தது, அதில் கனத்த பச்சைத் திரைச்சீலை. அதற்குள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் நிலையம்தான். பிற்பகல் சமையல் நிகழ்ச்சியின் பாட்டு எனக்குக் கேட்டது.

"திரையில நல்ல உயரமா தெரியற," என்றார் அஃப்ராகோமாவிடம். "நாற்காலிய ஏத்தி வெச்சிருக்காங்களா?"

"ஆமாம் நானா."

"யார் சொன்னதுன்னு கேட்டியாமே. அஜேமானுக்கு வேர்த்துப்போச்சு. பாவம், ரத்தக்கொதிப்பு உள்ள மனுஷன்." அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார், துணியின் நெசவைப் பார்ப்பவர்போல. நீலச் சட்டை நல்ல யோசனை என்றார்.

அதன்பிறகு அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். பெரியவர்கள் அவளைப் பொய் வாசிக்கச் சொல்கிறார்கள், அது தனக்குப் பிடிக்கவில்லை. ஊர் வாயை ஒரு வரியால் மூட முடியாது. நானா இந்த மழைக்காலம் முழுவதும் வேறு எந்தச் செய்தியையும் கேட்பதில்லை, அவள் வாசிப்பதை மட்டும்தான். நேராகப் பார்த்துப் பேசுகிறாள், கெஞ்சாமல் பேசுகிறாள் என்பாராம். சனிக்கிழமையும் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலைகுனிந்தபோது ராணித்தாய் அவருடைய கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் என்னைப் பாத்தாரா?" என்று கேட்டாள் அஃப்ராகோமா. காதில் ஓதாமல், என் வாய் வழியாக இல்லாமல், நேராகவே கேட்டுவிட்டாள்.

ராணித்தாய் கண்ணாடியைக் கழற்றித் துணி முனையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே தன் யோசனையைச் சொன்னார். அஃப்ராகோமா உள்ளே வந்து அன்றைய செய்தியை நானாவுக்கு வாசிக்க வேண்டும். கேமரா இல்லை, விளக்கு இல்லை. வாசித்துவிட்டால் அரண்மனைக்கும் அவளுக்கும் இடையில் இருப்பது தீர்ந்தது. தலைநகரில் இருக்கும் முதலாளியோடு தானே பேசுவார். ஏழு மணிக்கு அவள் போய்த் தன் நாற்காலியில் உட்காரலாம். அதற்கு மேல் அவர் வாழும்வரை யாரும் அவளை அதிலிருந்து எழுப்பமாட்டார்கள். அந்த 'அவர்' யார் என்பதை ராணித்தாய் சொல்லவில்லை.

கைப்பேசியில் முதலாளியின் எண் ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன்.

அஃப்ராகோமாவின் கை பைக்குள் போய்த் தாள்களைத் தொட்டது, அங்கேயே நின்றது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். அந்தத் திரைக்கு அப்பால் ஊர் முழுக்கத் தவிக்கும் கேள்விக்கு விடை இருக்கிறது. உள்ளே போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த அறைக்குள் போனவர்கள் அந்த வீட்டு ஆட்களாகிவிடுவார்கள், பார்த்ததை வெளியே சொல்லமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு அவள் தெரிந்த முகத்தோடு உட்கார்ந்து, தெரியாததுபோல வாசிக்க வேண்டும். சபை தள்ளிவைக்கப்பட்டது. நானா வரவில்லை. நானா ஓய்வில் இருக்கிறார். யார் சொன்னது என்று யாரையும் இனி கேட்க முடியாது. உள்ளே போகாவிட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் எங்கிருந்து கேட்பது? நாற்காலி லாம்ப்டியிடம் போய்விடும். அவன் எதையும் யாரிடமும் கேட்கமாட்டான்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே சமையல் பாட்டு முடிந்து விளம்பரம் தொடங்கியது. யாரும் ஒலியைக் குறைக்கவில்லை. உள்ளே யாராவது இருந்தால் குறைத்திருப்பார்களே என்று தோன்றியது. எழ முடியாதவராக இருந்தால் எப்படிக் குறைப்பார் என்றும் தோன்றியது. நான் கழுத்தை நீட்டினேன். திரைக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தொலைக்காட்சியின் வெளிச்சம் நீலமாக நகர்ந்துகொண்டிருந்தது, ஒரு கட்டில் கால், ஒரு ஜோடி பெரிய செருப்பு.

ராணித்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு கையால் பச்சைத் திரையை ஒதுக்கிப் பிடித்தார், அஃப்ராகோமா நின்ற இடத்திலிருந்து உள்ளே தெரியாத அளவுக்கு மட்டும். மறுகையை அவளை நோக்கி நீட்டினார்.

"வா மகளே. பக்கத்துல உட்காந்து வாசி. மெதுவா வாசி, என்ன? அவருக்கு அவசரம் ஆகாது."